மலைக்கு மே மாதம்தான் போகவேண்டுமா? (கடலூர் – புதுச்சேரி நண்பர்கள் சொல்லுங்கள்)

கெடிலக்கரை (கடலூர்)

எல்லோருக்கும் வணக்கம். நம் பக்கத்தில் மலைக்குப் போவது என்றாலே முழுஆண்டுத் தேர்வு முடிந்து, வெயில் மண்டையைப் பிளக்கும்போது ஊட்டி, இல்லையென்றால் ஏற்காடு. எங்கள் வீட்டிலும் இதுதான் வழக்கம். மேட்டுப்பாளையம் தாண்டும்போதே வண்டிகள் நெருக்கியடித்து நிற்கும். மேலே போனால் பூங்கா, படகு, வர்க்கி, சாக்லேட், திரும்பி வா. மலையில் இரண்டு நாள் தங்கியும் மலையைப் பார்த்த மாதிரியே இருப்பதில்லை.

எனக்கு மலையின் பருவங்களைப் பார்க்க வேண்டும். சாரல் இறங்குவது, மூடுபனி, உறைபனி, காட்டில் தானாகப் பூக்கும் பூ, அந்தந்த மாதத்தில் வந்துபோகும் பறவை. மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள், பறவை என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவளுக்கு. அம்மாவையும் அழைத்துப் போக ஆசை, ஆனால் அவருக்கு முழங்கால் வலி. சொந்தக் கார் கிடையாது, பஸ்தான். எந்த மாதம் எங்கே போனால் என்ன பார்க்கலாம்? அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

உப்பளம்வாசி (புதுச்சேரி)

செப்டம்பர், அக்டோபரில் ஊட்டி போங்கள். இரண்டாவது சீசன் என்பார்கள், கூட்டம் மே மாத அளவுக்கு இருக்காது. யாருடைய வண்டியாவது எடுத்துப் போனால் இ-பாஸ் மறக்க வேண்டாம். 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது கட்டாயம்.

ஏரிநாரை (ஊசுடு)

நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்பது நம் கடற்கரைக்குப் பொருந்தும். நமக்கு ஆண்டுக்கு ஒரு மழைக்காலம், அது வடகிழக்கிலிருந்து வருகிறது. அதனால் மற்ற மாதமெல்லாம் மலையிலும் மழை இருக்காது என்று நினைத்துப் பெட்டி கட்டுகிறோம். மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கணக்கே வேறு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, நமக்கு இங்கே புழுதிக்காற்று அடிக்கும்போது, அங்கே தென்மேற்குப் பருவமழை. கூடலூர், தேவாலா, பந்தலூர், அவலாஞ்சி, வால்பாறைக்கு மேலே சின்னக்கல்லாறு எல்லாம் நனைந்துகொண்டே இருக்கும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 50 செ.மீ. பெய்தது, தெருவெல்லாம் படகு விட்டார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்திருக்கிறது. அந்த மழையை வாங்கித் தேக்கி மெல்ல மெல்ல விடுவது சோலைக்காடும் புல்வெளியும்தான்.

அதே நீலகிரியில், அதே ஜூலையில், மசினகுடிப் பக்கம் போனால் தூறலோடு சரி. மேற்கிலிருந்து வரும் மேகம் உச்சியிலேயே கொட்டித் தீர்த்துவிடுவதால் அது மழை மறைவுப் பகுதி. குன்னூரும் கோத்தகிரியும் கிழக்கு முகம். அங்கே நம்மைப்போல ஐப்பசி, கார்த்திகையில்தான் பெருமழை. மலை ரயில் மண் சரிந்து நிற்பதும் அந்த மாதங்களில்தான். ஆக ‘நீலகிரிக்கு எந்த மாதம் நல்லது’ என்று கேட்டால் எந்தப் பக்கம் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

இனி ஆண்டைப் பாருங்கள். மார்கழி, தை மாதங்களில் வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவுகளில் தரை தன் சூட்டை மேலே விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். உறைபனி விழுவது அங்கேதான். ஊட்டியில் தலைகுந்தா, காந்தள் பக்கம் விடியும்போது புல்தரை முழுக்க வெள்ளையாகக் கிடக்கும். குனிந்து பார்த்தால் ஒவ்வொரு புல்லின் ஓரத்திலும் உப்புப் பரல் மாதிரி தனித்தனியாக நிற்கிறது. வெயில் பட்ட இடம் மட்டும் பச்சையாகி, மரத்தின் நிழல் விழுந்த வடிவத்திலேயே வெள்ளை மிச்சமிருக்கும். கொஞ்ச நேரத்தில் அதுவும் போய்விடும். அதற்காகவே ஐந்தரை மணிக்கு எழுந்திருக்கலாம்.

அதைத் தொடர்ந்து காட்டுப்பூவரசு (ரோடோடென்ட்ரான்) பூக்கும். இமயமலையில் உள்ள மரத்தின் சொந்தம் இது, தெற்கே உயர்ந்த மலைகளில் மட்டும் நிற்கிறது. கட்டை குட்டையாக, பட்டை வெடித்து, புல்வெளியின் நடுவே ரத்தச் சிவப்பாகப் பூக்கிறது. பூங்காவில் தொட்டியில் அடுக்கிய பூவைப் பார்க்கக் கூடுகிற கூட்டத்தில் பாதிப் பேருக்கு இந்த மரம் இருப்பதே தெரியாது, அது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது. ஜனவரி, பிப்ரவரியில் வரையாடுகள் குட்டி போடும். மூணாறு பக்கத்து இரவிகுளத்தை அதற்காகவே அந்தச் சமயத்தில் மூடி வைப்பார்கள்.

குறிஞ்சியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் யாராவது கேட்பார்கள். 2006, 2018இல் பூத்தது, அடுத்து 2030. உங்கள் மகளுக்கு அப்போது கல்லூரி வயது நெருங்கியிருக்கும். இப்போதே சொல்லி வையுங்கள்.

முந்திரித்தோப்பு (பண்ருட்டி)

நாரை சார் சொல்வது ரசனைக்குச் சரி. ஆனால் குழந்தையோடு போகிறவருக்கு விலங்கு கண்ணில் பட வேண்டும் இல்லையா? மழைக்காலத்தில் போனால் பச்சைச் சுவரைத்தான் பார்க்கலாம். என் கட்சி மார்ச் மாத முதுமலை. இலை உதிர்ந்து காடு திறந்து கிடக்கும், தண்ணீர் குறைந்துவிடும், யானை, காட்டுமாடு, கடமான் எல்லாம் மாயாற்றுப் பக்கம் இறங்கி வந்தே ஆக வேண்டும். வனத்துறை வண்டியில் ஒரு சுற்று போனால் போதும். மசினகுடியில் இரவில் ஜீப்பில் அழைத்துப் போகிறவர்களும் இருக்கிறார்கள், கரடி வரை பார்க்கலாம் என்கிறார்கள்.

மலைரயில் (நெய்வேலி)

முந்திரித்தோப்பு அண்ணா, முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். பிப்ரவரி, மார்ச்சில் இலையுதிர் காட்டுக்கு ஒரு தனி அழகு உண்டு. இலவ மரம் ஒரு இலைகூட இல்லாமல் சிவப்பாகப் பூத்து நிற்க, மைனாவும் கிளியும் அணிலும் அதில் ஒரே சண்டை. புரசு பூத்தால் காடே எரிகிற மாதிரி இருக்கும். மரத்தடியில் விழுந்த இலவம்பூவைத் தின்ன மான் வந்து நிற்கும்.

இரண்டாம் பாதியை ஒப்புக்கொள்ள முடியாது. இரவு ஜீப் சவாரி சட்டப்படி குற்றம். நான் பிறந்து வளர்ந்தது கோத்தகிரியில், வேலைக்காக இங்கே வந்தவன். கோடையில் தண்ணீருக்காக இறங்கும் யானைக் கூட்டத்தில் குட்டி இருக்கும். பகல் முழுக்க வெயிலில் அலைந்து இருட்டியபின் தண்ணீருக்கு வரும்போது முகத்தில் விளக்கை அடித்து ஹாரன் கொடுத்தால் அது எங்கே போகும்? தாகத்தோடு திரும்பிப் போகும், அல்லது திருப்பி அடிக்கும். அடுத்த நாள் அந்த வழியில் விறகு சுமந்து வரும் அம்மாவுக்குத்தான் ஆபத்து. பார்க்கிறவர் ஊருக்குத் திரும்பிவிடுவார், யானையும் அந்த அம்மாவும் அங்கேயே இருக்கிறார்கள்.

இன்னொன்று, அது தீக்காலம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். கோடையில் மலையேற்றப் பாதைகளை வனத்துறை மூடினால் காரணம் இருக்கிறது. மூடிய பாதைக்கு ஆள் வைத்துக் குறுக்கு வழி தேடாதீர்கள்.

முந்திரித்தோப்பு (பண்ருட்டி)

இரவு சவாரி விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். பகலில் வனத்துறை வண்டியோடு நிறுத்திக்கொள்ளலாம். மார்ச் மாதத்தை மட்டும் விட்டுத்தர மாட்டேன்!

மணக்குளமல்லி (புதுச்சேரி)

கெடிலக்கரை அண்ணா, நான் பள்ளி ஆசிரியை. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மலைக்குப் போகிற பழக்கம் இருப்பதால் ஒரு விஷயம் சொல்கிறேன். பெரிய விலங்கைக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்து அழைத்துப் போகாதீர்கள். யானை வரவில்லையென்றால் பயணமே வீண் என்று பிள்ளைகள் முகம் சுருங்கிவிடும். ஒரு ஓடைக் கரையில் உட்கார வையுங்கள். பேச்சு அடங்கக் கால் மணி நேரம் ஆகும். அதற்குப் பிறகுதான் ஆட்டம் ஆரம்பம். மேலே சாம்பல் நிறமும் அடியில் மஞ்சளுமாக ஒரு வாலாட்டி கல்லுக்குக் கல் தாவி வரும். வால் ஒரு நொடிகூட நிற்காது, மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். தண்ணீர் தெறிக்கிற கல்லின் விளிம்பில் நின்று, சட்டென்று ஒரு பூச்சியைக் காற்றிலேயே பிடித்துவிட்டு அதே கல்லுக்குத் திரும்பும். இமயமலைப் பக்கத்திலிருந்து இவ்வளவு தூரம் பறந்து, செப்டம்பரில் நம் மலை ஓடைகளுக்கு வந்து, கோடை வரை இருந்துவிட்டுப் போகிற பறவை அது என்று அப்போது சொன்னால், பூகோளப் பாடம் தனியாக நடத்த வேண்டாம்.

ஏற்காட்டுக்கே போவதாக இருந்தாலும் மே மாதத்துக்குக் கொஞ்சம் முன்னால் போங்கள். மார்ச், ஏப்ரலில் முதல் கோடைமழை விழுந்த சில நாளில் காப்பித் தோட்டமெல்லாம் வெள்ளையாகப் பூக்கும். கிளையோடு ஒட்டி, கணுவுக்குக் கணு கொத்தாக இருக்கும். வாசனை மல்லிகைக்கு அண்ணன். இரண்டு மூன்று நாளில் பழுப்பாகி உதிர்ந்துவிடும், அதனால் தேதி குறித்துப் போக முடியாது. அங்கே தெரிந்தவர் யாராவது இருந்தால் மழை விழுந்ததும் போன் பண்ணச் சொல்லி வைக்க வேண்டியதுதான்.

குரங்குக்குத் தீனி போடாமல் இருப்பதையும் மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் சிப்ஸ் பாக்கெட்டுக்காகக் காத்திருந்து வண்டியில் அடிபடும் குரங்குகளைப் பார்க்க மனசு ஆறவில்லை.

உப்பளம்வாசி (புதுச்சேரி)

வால்பாறையை யாரும் சொல்லவில்லையே? ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவுப் பக்கம் சாலையோரத்திலேயே வரையாடு நிற்கும், நடக்கவே வேண்டாம்.

ஏரிநாரை (ஊசுடு)

வால்பாறை சொன்னது நல்லதாகப் போயிற்று. தை முதல் சித்திரை வரை அங்கே இருவாச்சி கூடு கட்டும் காலம். பெண் பறவை பெரிய மரப்பொந்துக்குள் போய் வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவு மட்டும் இருக்கும். மாதக்கணக்கில் ஆண் பறவைதான் அத்திப்பழமாகப் பொறுக்கி வந்து ஊட்டும். தொண்டையிலிருந்து ஒவ்வொரு பழமாக மேலே கொண்டுவந்து, அலகு நுனியில் வைத்து, பிளவுக்குள் நீட்டும். பறக்கும்போது இறக்கை எழுப்பும் சத்தம் ரயில் என்ஜின் தூரத்தில் புறப்படுகிற மாதிரி கேட்கும். கூட்டு மரத்தருகே கூட்டம் போட்டால் ஆண் பறவை வரத் தயங்கும், உள்ளே இருப்பவை பட்டினி கிடக்கும். எனவே தூர நின்று பார்ப்பது மட்டும்தான்.

தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே மிஞ்சிய துண்டுக் காடுகளில் சோலைமந்தி இருக்கிறது. சிங்கவால் குரங்கு என்பதும் அதைத்தான். சாலையை அது மேலேயே கடக்கட்டும் என்று மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள். யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை ஊராருக்கு எஸ்.எம்.எஸ். மூலமும் சிவப்பு விளக்கு மூலமும் சொல்லும் ஏற்பாடும் உண்டு. மனிதரும் விலங்கும் ஒரே இடத்தில் எப்படிக் காலம் தள்ளுகிறார்கள் என்று பார்க்க அதைவிட நல்ல இடம் நம் மாநிலத்தில் எனக்குத் தெரியவில்லை. பொழுது சாய்ந்தபின் தேயிலைச் செடிகளுக்கிடையே நடக்கக் கூடாது. சிறுத்தை நடமாட்டம் உண்டு.

மணிமுத்தா (விருத்தாசலம்)

இவ்வளவு நேரம் எல்லோரும் மேற்கே போய்விட்டீர்கள். நம் தலைமாட்டில் இருக்கும் கல்வராயன் மலையை ஒருவர்கூடச் சொல்லவில்லை.

விருத்தாசலத்தில் கோயில் பக்கம் ஓடுகிற மணிமுத்தாறு கல்வராயனில் பிறந்தது. கோமுகியும் அங்கேதான் பிறக்கிறது. இரண்டும் வெள்ளாற்றில் சேர்ந்து பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கின்றன. கடலூர் மாவட்டத்துக்காரர் ஒருவர் ‘மலை’ என்று சொன்னால் முதலில் இந்த மலைதான் நினைவுக்கு வர வேண்டும். கடலூரிலிருந்து கள்ளக்குறிச்சி மூன்று, மூன்றரை மணி நேரம். அங்கிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி ஏறினால் கரியாலூர், வெள்ளிமலை. உயரம் ஊட்டியில் பாதிகூட இருக்காது, உறைபனி எல்லாம் கிடையாது. கடுக்காய் மரம், புளி, பலா, மரவள்ளி வயல், மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள். இரவில் போர்வை தேவைப்படும் அளவுக்குக் குளிரும், அது போதும்.

கேட்டவருக்கு மகள் பள்ளியில் படிக்கிறாள், அம்மாவுக்கு முழங்கால் வலி, பஸ் பயணம். இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் காலாண்டு விடுமுறையில் கல்வராயன்தான் சரி. வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்கு முன்னால் அங்கே வண்ணத்துப்பூச்சிகள் வலசை கிளம்பும் காலம் ஆரம்பிக்கும். நீல வரியன், கருநீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் இவையெல்லாம் கல்வராயன், சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலையிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கிப் போகின்றன. தென்மேற்கு மழையை ஒட்டி, ஏப்ரலிலிருந்து ஜூன் வரை, இந்தப் பக்கம் திரும்புகின்றன. இரண்டு பக்கமும் மழைக்குத் தக்கபடி போக்குவரத்து. நாரை சார் சொன்ன இரண்டு பருவமழையையும் அந்தப் பூச்சிகள் நம்மைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருக்கின்றன.

பாதையோரம் கிலுகிலுப்பைச் செடி இருந்தால் நின்று பாருங்கள். காய்ந்த காயிலும் வாடின இலையிலும் மொய்த்துக்கொண்டு சுரண்டிக்கொண்டிருக்கும். அந்தச் செடியில் உள்ள ஒரு சத்து ஆண் பூச்சிக்குப் பெண்ணை ஈர்க்கும் மணம் உண்டாக்கவும், தன்னைத் தின்ன வருகிற பறவைக்குக் கசக்கவும் உதவுகிறதாம். இறக்கையை மூடி உட்கார்ந்திருக்கும்போது வாடிய இலை போலவே இருக்கும். பக்கத்தில் ஒரு அடி வைத்தால் செடியே கிளம்பிப் பறக்கும். உங்கள் அம்மா பஸ்ஸை விட்டு இறங்கி ஐம்பது அடி நடந்தாலே போதும்.

மலைரயில் (நெய்வேலி)

மணிமுத்தா சொன்னதை வழிமொழிகிறேன். நீலகிரிக்காரன் நானே சொல்கிறேன், ஒரே மலைக்கு நாலு பருவத்திலும் போங்கள். நாலு மலைக்கு ஒரே மே மாதத்தில் போவதைவிட அதில் நிறையக் கிடைக்கும். போன தடவை காய்ந்து கிடந்த ஓடை இப்போது இரைகிறது, போன தடவை பூவாக இருந்தது இப்போது காயாக இருக்கிறது என்று பார்க்கும்போதுதான் பிள்ளைகளுக்கும் அந்த மலை சொந்தமாகும். எங்கள் ஊரிலேயே பக்கத்தில் லாங்வுட் சோலை இருக்கிறது, 2024இல் ராம்சார் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) சேர்த்தார்கள். ஊர்க்காரர்கள் பலருக்கே அதற்குள் மாதாமாதம் என்ன மாறுகிறது என்று தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் சின்ன வயதில் பாட்டியோடு போய்ப் போய்ப் பார்த்ததுதான்.

கெடிலக்கரை (கடலூர்)

இவ்வளவு பேர் இவ்வளவு அக்கறையாக எழுதியதற்கு நன்றி. வீட்டில் எல்லாவற்றையும் உரக்கப் படித்துக் காட்டினேன். மகள் நீல வரியனில் நின்றுவிட்டாள், அம்மா கடுக்காய் மரத்தில். எனவே காலாண்டு விடுமுறையில் கல்வராயன் என்று முடிவு. உறைபனிக்கும் காட்டுப்பூவரசுக்கும் பொங்கலை ஒட்டி நீலகிரி. முதுமலை மார்ச்சையும் மறக்கவில்லை, முந்திரித்தோப்பு அண்ணா.

இரண்டு சந்தேகம். மழை முன்கூட்டியே பிடித்துவிட்டால் என்ன செய்வது? அட்டை தொல்லை இருக்குமா?

ஏரிநாரை (ஊசுடு)

மழை பிடித்துவிட்டால் மலையில் இருக்க வேண்டாம், ஓடைகளில் திடீர் வெள்ளம் வரும். அப்படி நேர்ந்தால் மகளை ஊசுட்டேரிக்கோ மரக்காணம் பக்கம் கழுவேலிக்கோ அழைத்து வாருங்கள். மலையிலிருந்து இறங்கும் பருவம் இங்கேதான் வந்து சேர்கிறது. அக்டோபரில் ஆறுமணிக்குருவி வடக்கேயிருந்து வரும். இரவெல்லாம் பறந்து களைத்துப்போய் வீட்டுத் தோட்டத்தில், மாடிப்படிக்குக் கீழே எல்லாம் உட்கார்ந்திருக்கும். பச்சை, நீலம், சிவப்பு என்று நிறமாக இருப்பதால் வளர்ப்புப் பறவை தப்பி வந்துவிட்டது என்று கூண்டில் அடைத்துவிடுகிறார்கள். அடைக்க வேண்டாம். காகமும் பூனையும் வராத மூலையில் விட்டுவைத்தால் இருட்டியதும் அதுவே போய்விடும்.

மணிமுத்தா (விருத்தாசலம்)

அட்டை, வால்பாறை அளவுக்கு இருக்காது. நனைந்த புல்லில் இறங்காமல் பாதையிலேயே நடந்தால் பயமில்லை. ஏறினால் பிய்த்து இழுக்காதீர்கள், கொஞ்சம் உப்பு வைத்தால் விழுந்துவிடும். கரடி உள்ள மலை என்பதால் விடியற்காலையிலும் இருட்டிலும் ஊரை விட்டுத் தனியே போக வேண்டாம், உள்ளூர் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பெரியார் அருவி சாலையை ஒட்டியே இருக்கிறது, அம்மா அதைப் பார்க்கலாம். மேகம் அருவிக்கு இறங்கி ஏற வேண்டும், அதை அவருக்கு விட்டுவிடுங்கள். மலை மேல் பஸ் அடிக்கடி கிடையாது. கள்ளக்குறிச்சியில் காலையிலேயே வெள்ளிமலை வண்டியைப் பிடியுங்கள், கடைசி வண்டி எத்தனை மணிக்குக் கீழே இறங்குகிறது என்று ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.